தனி வண்டியும் பொது வழியும்

பழைய டீசல் கார் ஒன்றை வாங்கலாமா என்பது ஓர் அறவியற் பிரச்சினையாகுமா? கையிலுள்ள பணத்தையும் கிடைக்கக்கூடிய கடனையும் கணக்கிட்டு வீட்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய ஒரு விவகாரத்தைச் சஞ்சிகையின் பக்கங்களுக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், யாழ்ப்பாண நகரிலும் அதன் அயற் கிராமங்களிலும் குடியிருந்து நாள்தோறும் தீவகப் பாடசாலைகளுக்குச் சென்று மீளும் ஆசிரியர்கள் நால்வர் ஓரிடத்திற் கூடினால், இந்தப் பேச்சு எழாமற் போவது அரிது. ஒருவர் விலையைச் சொல்வார். ஒருவர் இயந்திரத்தின் தரத்தைச் சொல்வார். இன்னொருவர் மாதத் தவணையைச் சொல்வார். இவையனைத்தையும் கேட்டு முடிந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நாம் நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்கான விலையை உண்மையிற் கொடுப்பவர் யார்?

முதலிற் பாதையைப் பார்ப்போம். பண்ணைத் தாம்போதியில் நகரை விட்டுப் பிரியும் வீதி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய இடங்களைக் கடந்து வேலணையை அடைகிறது. ஒரு கிளை ஊர்காவற்றுறைக்குப் போகிறது. மற்றொன்று கடலை ஊடறுக்கும் வாணர் பாலத்தைத் தாண்டிப் புங்குடுதீவின் வழியே சென்று குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகிறது. நகரிலிருந்து குறிகட்டுவான்வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகிற் கால்மணி, இருபது நிமிடத்திற் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். கடல் குழம்பினால் அதற்கு மேலும் ஆகும். பாடசாலை மணியோ காலை 7.30க்கு அடிக்கிறது. ஒரு பஸ் தவறினால் ஒரு படகு தவறும். ஒரு படகு தவறினால் முதலிரு பாடவேளைகள் தவறும். வரவுப் பதிவேட்டில் அது ஆசிரியரின் பெயருக்கு மேலே விழும் ஒரு சிவப்புக் கோடு. வகுப்பறையில் அது இருபது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு வாளா இருந்த நேரம். நகரத்துத் தனியார் வகுப்புகள் தீவகத்துப் பிள்ளைக்கு எளிதில் எட்டுவனவல்ல. பாடசாலையில் இழந்ததை அப்பிள்ளை வேறெங்கும் ஈடுசெய்துகொள்ள முடியாது. ஆதலின், நேரத்துக்குச் செல்ல விரும்பும் ஆசிரியரை ஆடம்பரம் நாடுபவர் என்று பழிப்பது நேர்மையாகாது.

அவர் தேடும் வண்டியும் ஆடம்பர வண்டியன்று. டொயோட்டா கொறோல்லா, நிசான் ஏ.டி. முதலிய, பின்புறம் நீண்ட பழைய யப்பானிய வாகன் கார்களே பேச்சிற் பெரிதும் அடிபடுகின்றன. ஐவர் அமரலாம், பின்னால் அப்பியாசக் கொப்பிக் கட்டுகளையும் விஞ்ஞான உபகரணங்களையும் ஏற்றலாம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. காற்றை மிகுதியாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்தில் எண்ணெய் தானே பற்றுகிறது. ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதிலும் அதிகம். அதனை வேலையாக மாற்றும் திறனும் அதிகம். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவோர் டீசலை நாடுவதற்கு இதுவே காரணம். பழைய வகை இயந்திரமாயின் மின்னணுச் சாதனங்கள் குறைவு; ஊர்க் கராஜிலேயே பிரித்துப் பூட்டலாம்.

ஆனால் விலை? 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் நோக்கில், அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்குரிய கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், தேயத் தேய விலை குறைய வேண்டிய பொருள் தேயத் தேய விலை ஏறிற்று. இரும்பு தரத்தில் உயரவில்லை. இயந்திரம் இளமை பெறவில்லை. பற்றாக்குறையே விலையாக மாறியது. ஏற்கனவே வண்டி வைத்திருந்தவர் உழைக்காமலே செல்வரானார். புதிதாக வேலையேற்ற ஆசிரியர், தாம் பாலர் வகுப்பிற் படித்த காலத்தில் ஓடத் தொடங்கிய ஒரு காருக்காகப் பல ஆண்டுச் சம்பளத்தை ஈடுவைக்க நேர்ந்தது. கொள்கையை வகுத்தவர்கள் கொழும்பில். கடனைச் சுமந்தவர்கள் பண்ணைப் பாலத்தில்.

இத்தகைய சந்தையில் உண்மைக்கு என்ன இடமுண்டு? பழைய வண்டியின் குணங்குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஒரு வேறுபாடே நல்ல பண்டத்தைச் சந்தையிலிருந்து துரத்திவிடக்கூடும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கெர்லோவ் 1970இல் எழுதிய கட்டுரையிற் பழைய கார்களையே உதாரணமாகக் கொண்டு விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எமது தீவகப் பாதையில் இதனை விளங்கிக்கொள்ளக் கணிதம் வேண்டியதில்லை. இருபுறமும் உப்புக் கடல். ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. தாம்போதியில் ஓடிய வண்டியின் அடித்தளத்தைக் கறள் அரிக்கும். மேலே புதுப் பெயின்ற் பளபளக்கும். கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை தெரியும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரைப் பின்னோக்கித் திருப்பலாம். புகைபோக்கி மாத்திரம் பொய் சொல்லத் தெரியாதது: கறுத்த புகையாயின் எண்ணெய் சரியாக எரியவில்லை, நீலமாயின் மசகெண்ணெயும் சேர்ந்து எரிகிறது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது பட்டினப்பாலைப் புலவர் அவர்களுடைய செல்வத்தோடு நின்றுவிடவில்லை. வாங்கும்போது மிகையாகப் பெறாமையும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமையும் அவர்களின் பெருமையென எடுத்துரைத்தார். இப்பெருமையை இன்று யாரிடம் தேடுவது? தரகரைத் திட்டுவது எளிது. ஆனால் 2015 செப்டெம்பரில் வெளிப்பட்ட வொக்ஸ்வாகன் விவகாரத்தை எண்ணிப் பாருங்கள். சோதனை நடக்கும் வேளையில் மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக்காட்டி, வீதியில் அதனைத் தாராளமாக வெளிவிடும் மென்பொருளை உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டீசல் வண்டிகளிற் பொருத்தி விற்றது அந்தப் பெரு நிறுவனம். மீற்றரைத் திருப்பும் கராஜ்காரனும் அதனைத்தான் செய்கிறான். அவனுக்கு ஆய்வுகூடம் இல்லை என்பதே வேறுபாடு.

எனவே வாங்குபவரின் அறம் இரண்டு இடங்களிற் சோதிக்கப்படுகிறது. ஒன்று, தாம் அந்த வண்டியை அடுத்தவருக்கு விற்கும் நாள். தம்மிடம் ஒளிக்கப்பட்ட கறளைத் தாமும் ஒளித்துக் கைமாற்றுபவர், ஏமாற்றப்பட்டவர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றுபவர் என்ற நிலைக்கு ஒரு கையெழுத்தில் இடம் மாறுகிறார். மற்றொன்று, வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும். டீசற் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2012 யூனில் அறிவித்துவிட்டது. 2008ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டிற் புகைச் சோதனை கட்டாயமாயுள்ளது. சோதனைக்கு முதல்நாள் மட்டும் இயந்திரத்தைச் சீர்செய்து, எஞ்சிய நாட்களிற் பின்னால் சைக்கிளில் வரும் மாணவியின் முகத்திற் கரியைக் கக்கிச் செல்லும் ஆசிரியர், அவளுக்கு விஞ்ஞானமா கற்பிக்கப் போகிறார்?

இவை எல்லாம் நேர்மையான ஒருவரால் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். இவற்றிலும் பெரிய இழப்பொன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. ஐந்து ஆசிரியர்கள் ஒரு காரில் ஏறும்போது ஐந்து பேர் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறார்கள்.

1958 ஜனவரி 1ஆம் திகதி, தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலாபம் தரும் பாதையின் வருமானத்தால் இலாபம் தராத பாதையையும் ஓட்டுவது என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. தூரத்தில் வாழ்வது குற்றமல்ல, அதற்குத் தண்டம் விதிக்கக்கூடாது என்ற ஒரு சமூக ஒப்பந்தம் அதில் அடங்கியிருந்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு அனுமதிக்கப்பட்டபோது அந்த ஒப்பந்தம் தளர்ந்தது. கூட்டம் உள்ள இடத்துக்கே வண்டி என்ற நியதி மேலோங்கிற்று. அப்படியிருந்தும், பாடசாலைப் பிள்ளைகள் சலுகை விலைப் பருவச்சீட்டுடன் ஏறக்கூடியது இன்றும் அரச பஸ்ஸிலேயே.

அந்தப் பஸ் வராத நாளில் யார் கேட்பது? கடிதம் எழுதத் தெரிந்தவர், அதிகாரியின் பெயரும் பதவியும் அறிந்தவர், கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படாதவர் எம்போன்ற ஆசிரியரே. அவர் தரிப்பிடத்தில் நிற்கும்வரை பஸ் தாமதமாவது ஒரு பொதுப் பிரச்சினை. அவர் காரேறிச் சென்ற மறுநாள், அதே தாமதம் மீன்கூடையுடன் நிற்கும் பெண்ணின் தலைவிதியாகவும், வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் புறப்பட்ட முதியவரின் பொறுமையாகவும் சுருங்கிவிடுகிறது. பயணிகள் குறைந்துவிட்டனர் என்று சொல்லிச் சேவையைக் குறைக்கவும் ஒரு காரணம் கிடைக்கிறது. சேவை குறைந்ததைக் கண்டு மேலும் சிலர் மோட்டார் சைக்கிளோ காரோ தேடுவர். நாமெல்லாம் தனித்தனியே நியாயமாக நடந்துகொண்டு, ஒருங்கே ஓர் அநியாயத்தை உண்டாக்கிவிடுகிறோம். தனிமனித ஒழுக்கத்தை மட்டும் அளக்கும் பழைய அளவுகோலுக்கு இது அகப்படாது. இங்கே எவரும் களவெடுக்கவில்லை. எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் பஸ் காணாமற் போய்விட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. “பொதுப் போக்குவரத்து திருந்தும்வரை நான் தரிப்பிடத்தில் நின்றால், இந்த ஆண்டுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?” என்று ஓர் ஆசிரியை கேட்கலாம். விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு, நெரிசலில் நின்றபடி ஒரு மணி நேரம் பயணஞ் செய்து, பிற்பகலில் அதே பாட்டை மீண்டும் படுபவர் அவர். பொதுநலத்தின் பெயரால் அவரிடம் இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, சுமை தூக்குபவரிடமே மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவதாகும். முற்போக்குச் சிந்தனை தியாக உபதேசமாகத் தேய்ந்துவிடக்கூடாது. அவர் கார் வாங்கட்டும். ஆனால் கார் எந்த அளவுக்கு அவரை விடுவிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அந்தக் கணக்கை 2022ஆம் ஆண்டு எமக்கு ஒப்புவித்துக் காட்டியது. அவ்வாண்டு யூன் 26இல் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபா ஆயிற்று. குறிகட்டுவானுக்குச் சென்று மீள 60 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வண்டியாயின் நாளொன்றுக்கு 4 லீற்றர். 20 பாடசாலை நாட்களுக்கு 80 லீற்றர். ஆக 36,800 ரூபா. தனியொருவராயின் சம்பளத்தின் மிகப் பெரும்பங்கு எரிந்து புகையாகிவிடும். நால்வர் பங்கிட்டால் ஒருவருக்கு 9,200 ரூபா. பணம் இருந்தாலும் எண்ணெய் இருக்கவில்லை. யூலையில் வந்த கியூ.ஆர். அட்டை முறையில் ஒரு காருக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 20 லீற்றரே பங்கீடு. பாடசாலைப் பயணத்துக்கு அது மட்டுமட்டாகப் போதும், வேறொன்றுக்கும் போதாது. பாடசாலைகளே சில வாரங்கள் மூடப்பட்டன. திறந்த பின்னரும் சில காலம் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே நடைபெற்றன. தமக்கெனத் தனி வண்டி இருப்பதால் எவருடைய தயவும் வேண்டாம் என்று எண்ணியிருந்தவர், எண்ணெய்க் கப்பல் ஒன்றின் வருகைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு ஓகஸ்டில், லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தீவகத்தின் சிறு மீன்பிடி வள்ளங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அந்த வள்ளம் கடலுக்குப் போகாத நாளில் அந்த வீட்டுப் பிள்ளை பாடசாலைக்கு வருவதும் ஐயம். ஆசிரியரின் டீசலும் மீனவரின் மண்ணெண்ணெயும் ஒரே கொள்கையின் கீழ் ஏறி இறங்குபவை. இருவரும் ஒருவரையொருவர் காணாதபடி இரண்டு வரிசைகளில் நின்றார்கள், அவ்வளவே.

எம்மைச் சூழ்ந்திருக்கும் கடலும் இதனையே வேறொரு விதமாகக் கூறுகிறது. கார் எவ்வளவு நல்லதாயினும் குறிகட்டுவானில் நின்றுவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ தனி வண்டி கிடையாது. கார் வைத்திருப்பவரும் நடந்து வந்தவரும் ஒரே மேடையில் ஒரே படகுக்குக் காத்திருக்க வேண்டும். நெடுந்தீவு மக்களுக்குக் குமுதினி என்பது ஒரு படகின் பெயர் மட்டுமன்று. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகிற் சென்ற பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தையும் தப்பவில்லை. பின்னாளில் அதே படகு மீண்டும் சேவைக்கு வந்தது. மக்கள் மீண்டும் அதில் ஏறினார்கள். பொது வழியை விட்டு விலகும் சுதந்திரம் தீவில் வாழ்பவருக்கு இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பாதி வழிக்கு மட்டும் விலைக்கு வாங்கியவர், மீதி வழியை மறந்துவிடுதல் அறிவுடைமையும் ஆகாது.

இன்னுமொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. ஆசிரியர் ஏன் நாள்தோறும் போய்வர வேண்டும்? அங்கேயே தங்கினால் என்ன? 1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது மக்களிற் பெரும்பாலோர் வெளியேறினர். பலர் திரும்பவில்லை, பல வீடுகள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. தங்குவதற்குத் தக்க விடுதியும் நல்ல குடிநீரும் இல்லாத இடத்தில் ஆசிரியர் குடியேறவில்லை என்று குறைகூறுவது எளிது. அவற்றை அமைத்துக் கொடுப்பது கடினம். ஆயினும் இழப்பு இழப்பே. கார் எவ்வளவு விரைவாகக் கொண்டுவருகிறதோ அவ்வளவு விரைவாகக் கொண்டுபோயும் விடுகிறது. பாடசாலை முடிந்து ஒரு மணி நேரத்தில் நகர வீட்டிலிருக்கும் ஆசிரியருக்கு, மாணவன் மாலையில் எங்கே தண்ணீர் அள்ளுகிறான் என்பது தெரியாது. இரவு நகரில் உறங்கும் கார், நள்ளிரவில் நோவெடுத்த தீவுப் பெண்ணை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல உதவாது. புங்குடுதீவிற் பிறந்த ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமை வேண்டி 1971இல் அங்கு நடந்த போராட்டத்தில் முன்னின்றார், பொலிசாரின் தாக்குதலுக்கும் ஆளானார், 1973இற் காலமானார். அவருடைய தத்துவத்தோடு எமக்கு உடன்பாடின்மை பல உண்டு. ஆனால் கிணற்றடியில் யார் ஒதுங்கி நிற்கிறார் என்பதைக் காண, கிணற்றின் அருகே வாழ வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை.

அப்படியாயின் முடிவு என்ன? இங்கே பிறநாட்டு வரலாறு ஒன்று வழிகாட்டுகிறது. தற்செயலாக அதுவும் வாகன் கார்களைப் பற்றியதே. 1955 டிசெம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவின் மொன்கொமெரி நகரக் கறுப்பின மக்கள், பஸ்களில் நிலவிய நிறவெறிக்கு எதிராகப் பஸ் ஏறுவதை நிறுத்தினார்கள். வேலைக்குப் போகாதிருக்க அவர்களால் முடியாது. வீட்டு வேலைக்காரிகளும் கூலியாட்களுமே அவர்களிற் பலர். ஆகவே கார் வைத்திருந்தோர் தம் கார்களைப் பொதுவில் விட்டனர். தேவாலயங்களின் பெயரிலும் வாகன் கார்கள் வாங்கி ஓட்டப்பட்டன. மக்கள் அவற்றை உருளும் தேவாலயங்கள் என்றனர். காப்புறுதிக் கம்பனிகள் கைவிட்டபோதும் இலண்டனிற் காப்புறுதி தேடி ஓட்டினார்கள். 381 நாட்கள் இவ்வாறு கழிந்தன. வெற்றி பெற்றதும் அவர்கள் பஸ்ஸுக்கே திரும்பினார்கள். விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள். பஸ்ஸை மாற்றுவதற்காகவே அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். நாம் இறங்குவது எதற்காக?

இந்தக் கேள்வியை மனத்திற்கொண்டு வாங்கப்படும் கார் வேறு வகைக் காராகும். அதனைத் தனியொருவரின் கடனாக்காமல் நால்வர், ஐவர் சேர்ந்து வாங்கலாம். கணக்கை எழுத்தில் வைக்கலாம். பழுதுபார்க்கும் செலவை, வண்டி யாருடைய பெயரில் உள்ளதோ அவர் தலையிற் சுமத்தாதிருக்கலாம். இருக்கை வெறுமையாயிருக்கும்போது வேலணைச் சந்தியில் நிற்கும் முதியவளைக் கடந்து போகாதிருக்கலாம். புகையைச் சோதனைக்காக அன்றி மூச்சுக்காகச் சீர்செய்யலாம். விற்கும்போது கறளைக் காட்டி விற்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, கார் வந்த பின்னரும் பஸ் நேர அட்டவணையைக் கையில் வைத்திருக்க வேண்டும். வராத பஸ்ஸின் திகதியைக் குறித்து, பெற்றோரோடும் மீனவர் சங்கத்தோடும் மாணவரோடும் சேர்ந்து சாலை முகாமையாளரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்க வேண்டும். படகுக்கும் பஸ்ஸுக்கும் நேரம் பொருந்தச் செய்வதும், ஆசிரியர் விடுதிக்கு நீரும் கூரையும் கோருவதும் ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிற் சம்பள உயர்வுக்கு அடுத்தபடியாகவேனும் இடம்பெற வேண்டும்.

கார் வாங்குவது குற்றமன்று. வாங்கியதோடு எமது பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுவதே பிழை. எமக்குத் தீர்ந்திருக்கலாம், எமது வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அது தீரவில்லை. அப்பிள்ளை உயர்தர வகுப்புக்கு நகரம் செல்லும் நாளில், எதிர்த்திசையில், அதே பஸ்ஸுக்காகத்தான் அதிகாலையில் நிற்கப்போகிறது. அந்தப் பஸ் அன்று வருமா என்பது, இன்று காருக்குள் இருக்கும் நாம் அதற்காகப் பேசுகிறோமா என்பதைப் பொறுத்தது.